தங்கவயலில் எண்ணிய கைகள்: பல்லாங்குழி முதல் கணினி விளையாட்டு வரை

நான் கணக்குக் கற்ற முதல் பள்ளிக்கூடம், கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதி லைன் வீட்டு வாசலில் எங்கள் ஆயா தோண்டி வைத்திருந்த 14 குழிகள்தான். மரப் பலகை வாங்க வசதியில்லை. மண்ணைக் கெட்டிப்படுத்தி, வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் 70. நைனா இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்கும் பகல்களில் பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது என்று ஆயா எங்களை உட்கார வைத்து ஆடுவார்.

பிற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணித ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது ஓய்வுபெற்றுப் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் கணக்கு விளையாட்டுகளால் படிப்புக்கு நன்மை உண்டா என்று எழுதித் தாருங்கள் என மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். நம் சங்கத்துப் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "உண்டு" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. எங்கள் ஊரின் கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் என் பதில் விளங்கும். அதனால் கொஞ்சம் பழைய காலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆயாவின் ஏழு

பல்லாங்குழி ஆடத் தெரிந்தவர்கள் இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் நிச்சயம் இருப்பார்கள். தெரியாதவர்களுக்காக எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு குழியில் உள்ள கொட்டைகளை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட வேண்டும். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார்.

ஆயா ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுவார், "மொதல்ல எடுக்கறவனுக்கு ஏழுடா" என்று. எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. எந்தக் குழியில் தொடங்கினாலும் ஏழுதான் வந்தது. "எப்படி ஆயா?" என்று கேட்டால், "போட்டுப் பாத்துக்கினே வா, தானா தெரியும்" என்பார்.

பல ஆண்டுகள் கழித்துத் தாளில் எழுதிப் பார்த்தேன். தொடங்கும் குழியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள 5 கொட்டைகள் 2 முதல் 6 வரை விழும். ஏழாம் குழியை அள்ளினால் 8 முதல் 12 வரை. பதின்மூன்றாம் குழியை அள்ளினால் 14-இல் தொடங்கிச் சுற்றி வந்து 4-இல் முடியும். இப்போது ஐந்தாம் குழியில் 6 இருக்கும். அதை அள்ளினால் 6 முதல் 11 வரை. அடுத்து 12-இல் உள்ள 6-ஐ அள்ளினால் 13, 14, 1, 2, 3, 4. அடுத்த குழி ஐந்தாவது. அது ஏற்கெனவே அள்ளிய குழி, காலி. தடவிவிட்டு ஆறாம் குழியைப் பார்த்தால் 5, அதோடு 1, மறுபடி 1. ஆக ஏழு! வளையமாகச் சுற்றும் ஆட்டம் என்பதால் எங்கே தொடங்கினாலும் கணக்கு மாறாது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்ததைத்தான் நான் கல்லூரியில் 'மீதி எண்கணிதம்' என்று பெரிய பெயரில் படித்தேன்.

ஆயா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கொட்டையைப் போடும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். நைனா தூங்குகிறார் என்பதால் கிசுகிசுப்பாக. ஆனால் எண்ணாமல் போட்டால் கையைத் தட்டிவிடுவார். இந்தக் கை தட்டலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் மறுபடி வரும்.

எண்ணப்பட்டவர்கள்

தங்கவயலின் வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான். 1870-களில் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் தங்கம் தேட உரிமம் பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வருமுன்பே எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து நம் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலமும் இல்லை, பள்ளிக்கூடத்துக்குள் நுழைய இடமும் இல்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த வயல் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது.

அங்கே எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அவுன்சுக்கு எண், அடி ஆழத்துக்கு எண், வேலை ஆளுக்கும் எண். எண்ணுகிறவர் மேலே, எண்ணப்படுகிறவர் கீழே. 1930-இல் தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் ஏற்பாடு வந்தபோது ஊரே வேலைநிறுத்தம் செய்தது. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் தங்கவயல் தொழிலாளர்களைப் பற்றி 1998-இல் வெளியிட்ட நூலில் இந்தப் போராட்டத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கூலிக்காக மட்டும் அவர்கள் எழுந்து நிற்கவில்லை. தங்களை ஒரு பதிவேட்டு எண்ணாக ஆக்குவதையும் எதிர்த்தார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எழுத்தையும் எண்ணையும் தம் கைக்குக் கொண்டுவரும் முயற்சியும் அதே மண்ணில் நடந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் சில காலம் நின்றுபோனது. 1926-இல் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளர்களின் சந்தாவிலும் உழைப்பிலும் இதழும் நூல்களும் அச்சாயின. அந்தத் தலைமுறைக்குப் படிப்பு என்பது உத்தியோகத்துக்கான வழி மட்டுமில்லை. பிறர் போட்ட கணக்கைத் தானே சரிபார்க்கும் உரிமை.

அதே சுரங்கத்தில் இன்னொரு எண்ணிக்கையும் நடந்தது. 1960-களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆழத்தில் கருவிகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் துகள்களை எண்ணினார்கள். மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. அந்தப் பூஜ்யமே அவர்களுக்குச் செய்தியாயிற்று. மற்ற துகள்களின் தொல்லை இல்லாத இந்த இடத்தில் நியூட்ரினோவைத் தேடலாம் என்று தெரிந்தது. 1965-இல், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடம் உலகில் முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்றாகத் தங்கவயல் ஆனது. எண்ணிக்கையின் பொருள் எண்ணுகிறவருக்கே விளங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்த மாதங்களில் பக்கத்து லைன் பெரியவர் ஒருவர் தமக்கு வரவேண்டிய தொகையின் கணக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "வாத்தியாரே, இது சரியா பாரு" என்றார். கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சொன்னதும் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. அந்தப் பெரியவர் பாறையைத் தட்டி ஓசையைக் கேட்டே அது நிற்குமா விழுமா என்று சொல்லக்கூடியவர். சந்தையில் மனக்கணக்கில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. ஆனால் தாளில் இருந்த தன் வாழ்நாள் உழைப்பின் கணக்கைச் சரி என்று சொல்ல அவருக்கு இன்னொருவர் வேண்டியிருந்தது.

இந்த இடைவெளி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2025-இல் 'நேச்சர்' ஆய்விதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைப் பார்த்தார்கள். தராசு முன்னால் சிக்கலான கணக்கை மனத்திலேயே போடும் பிள்ளைகள், அதே அளவு கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தால் திணறினார்கள். பள்ளிக்கூடம் மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். கையில் இருக்கும் கணக்கும் தாளில் இருக்கும் கணக்கும் தாமாகச் சேர்வதில்லை. யாராவது பாலம் போட வேண்டும். விளையாட்டு அந்தப் பாலமாகுமா என்பதுதான் இனி நாம் பார்க்க வேண்டியது.

வாய்ப்பாடும் தொண்ணூறும்

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒன்று இருந்தது. முழு எண்களோடு நிற்காமல், முந்திரி, காணி, மா, மாகாணி, கால், அரை என்று பின்னங்களையும் பிள்ளைகள் வாய்பாடாகச் சொன்னார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. கணித வரலாற்றாசிரியர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளை விரிவாக ஆராய்ந்து 2022-இல் நூலாக்கியிருக்கிறார். பழைய 'கணக்கதிகார'த்தில் பலாப்பழத்தை உடைக்காமலே காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணிச் சுளையைக் கணிக்க வழி சொல்லியிருக்கிறது; ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டுமாம். பழத்துக்குப் பழம் அது சரியாக வருமா என்பது வேறு விஷயம். கணக்கைப் புதிராகவும் ஆட்டமாகவும் சொல்லித் தரும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன். ஆனால் அந்தத் திண்ணையிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. எண்ணின் பெயர்கள். ஆங்கிலத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் தனித்தனிச் சொற்கள். அவற்றில் பத்து இருப்பது காதுக்குத் தெரியாது. தமிழில் பதினொன்று என்றதுமே பத்தும் ஒன்றும் கேட்டுவிடும். இது நமக்கு வசதி. ஆனால் தொண்ணூறு வந்ததும் வழி தடுக்கும். எண்பது வரை பத்தைக் கொண்டு வந்தவர்கள், தொண்ணூறுக்கு மட்டும் நூறைக் கொண்டு பெயர் வைத்தார்கள். அதுபோலவே எண்ணூறுக்கு அடுத்துத் தொள்ளாயிரம். அதில் ஆயிரம் கேட்கிறது. கன்னடத்தில் தொம்பத்து, அதில் பத்து இருக்கிறது. ஒம்பைநூறு, அதில் நூறு இருக்கிறது.

தங்கவயலில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். கணக்கை 'லெக்கா' என்றே பாதிப்பேர் சொல்வோம். என் வகுப்பில் ஒரு பையன் "தொண்ணூத்தி மூணு" என்று சொன்னால் 903 என்று எழுதுவான். மக்கு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவன் காது சரியாக வேலை செய்கிறது! நூறு என்று கேட்டது, நூறுக்குரிய இடத்தில் எழுதினான். அவன் தவறு எங்கே பிறந்தது என்று தெரிய, அவன் வாயிலிருந்து அந்த எண்ணை நான் கேட்க வேண்டியிருந்தது. திரையில் 93 என்ற பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தால் 'தவறு' என்று சிவப்பு விளக்கு மட்டும் எரிந்திருக்கும்.

பெட்டிக்குள் வந்த ஆட்டம்

கணினியும் விளையாட்டும் பிறவியிலேயே சொந்தக்காரர்கள். 1951-இல் பிரிட்டனில் ஃபெரான்டி கம்பெனி 'நிம்ராட்' என்ற கணினியைக் கண்காட்சியில் வைத்தது. அது ஆடியது 'நிம்' என்ற ஆட்டம். குவியல்களிலிருந்து காய்களை எடுக்கும் ஆட்டம்தான். பல்லாங்குழிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

1970-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கணினி அமைப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டுகள் எழுதினார்கள். அவற்றில் ஒன்று 'டார்ட்ஸ்'. திரையில் ஓர் எண்கோடு, அதில் அங்கங்கே பலூன்கள். பலூன் எந்த எண்ணில் இருக்கிறது என்று ஊகித்துப் பிள்ளை ஒரு பின்னத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். அம்பு அந்த எண்ணுக்கே போய்க் குத்தும். தவறினால் எவ்வளவு தவறினோம் என்று கண்ணுக்குத் தெரியும். 'தவறு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எண்தான் அங்கே ஆட்டத்தின் காய். பிற்காலத்தில் வந்த பல விளையாட்டுகளில் அப்படி இல்லை. கணக்குக்குப் பதில் சொன்னால் பரிசாக ஓர் அரக்கனைச் சுடலாம். பிள்ளைக்கு அரக்கன் மேல்தான் கண். கணக்கு வழியில் கிடக்கும் கல்.

இந்தியாவில் 1984-இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை மத்திய அரசு பள்ளிகளுக்குக் கொடுத்தது. 2000-களின் தொடக்கத்தில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை கர்நாடக அரசுப் பள்ளிகளுக்குப் பாட விளையாட்டுக் குறுந்தகடுகளைக் கொண்டுவந்தது. நல்ல ஆசிரியருக்குக் கணினி மாற்றாகாது என்று பிற்பாடு அந்த அறக்கட்டளையினரே வெளிப்படையாக எழுதி, ஆசிரியர்களோடு பணியாற்றுவதில் கவனத்தைத் திருப்பினார்கள். பெங்களூரில் 2000-இல் தொடங்கிய அக்ஷரா அறக்கட்டளை, பள்ளிகளுக்கு மணிச்சட்டமும் பின்னக் கட்டைகளும் கொண்ட பெட்டிகளைக் கொடுத்தது. கிராமங்களில் கணிதப் போட்டிகள் நடத்தியது. கூடவே 'பில்டிங் பிளாக்ஸ்' என்ற இலவசக் கைப்பேசி விளையாட்டையும் பல இந்திய மொழிகளில் தந்தது. கையில் தொடும் பொருளையும் திரையையும் சேர்த்து வைத்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை செய்த பள்ளி ஒன்றில் சில கணினிகள் வந்தன. கணக்கு விளையாட்டுக் குறுந்தகடும் வந்தது. நான் பசங்களை இருவர் இருவராக உட்கார வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்தப் போய்விடுவேன். மாதக் கடைசியில் பார்த்தால் எல்லோரும் ஐந்தாம் நிலை தாண்டியிருந்தார்கள். பெருமையாக அறிக்கை எழுதினேன். பரீட்சையில் பார்த்தால் பழைய கதைதான். ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தேன். நான்கு விடைகளில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார்கள். நான்காவது முறைக்குள் எப்படியும் சரியாகிவிடும்! "சார், இது பாஸ்ட்டா போவுது சார்" என்றான் ஒருவன். குற்றம் அவனுடையது இல்லை. ஆயா இருந்திருந்தால் கையைத் தட்டியிருப்பார். நான்தான் அங்கே இல்லை.

ஆய்வுகள் சொல்வது

என் அனுபவம் ஒரு பக்கம் இருக்கட்டும். முறையாகச் செய்த ஆய்வுகளைப் பார்ப்போம்.

குஜராத்தில் வடோதரா நகராட்சிப் பள்ளிகளுக்கு 2000-இல் மாநில அரசு பள்ளிக்கு நான்கு கணினி கொடுத்தது. பெரும்பாலானவை பயன்படாமல் கிடந்தன. 2002 முதல் இரண்டு ஆண்டுகள் 'பிரதம்' அமைப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கணினிக்கு இருவராக உட்கார வைத்துக் கணக்கு விளையாட்டு ஆட வைத்தது. பிள்ளையின் நிலைக்கு ஏற்ப ஆட்டம் கடினமாகும். உடனிருந்து உதவப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். பலன் பெரிது. புள்ளியியல் பேச்சை விட்டு எளிமையாகச் சொன்னால், நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை இரண்டாம் ஆண்டு முடிவில் 68-ஆவது இடம் அளவுக்கு முன்னேறியது. ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துச் சோதித்தபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. 2007-இல் வெளியான இந்த ஆய்வில் இரண்டு செய்தியும் இருக்கின்றன. விற்பனைக்காரர்கள் முதல் செய்தியை மட்டும் சொல்வார்கள்.

அதே குஜராத்தில் 'ஞான் சாலா' பள்ளிகளில் லீ லிண்டன் என்பவர் செய்த இன்னொரு ஆய்வு 2008-இல் வந்தது. வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கணினி ஆட்டம் நடத்திய இடங்களில் பிள்ளைகள் கணக்கில் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக நடத்திய இடங்களில் முன்னேறினார்கள். ஒரே மென்பொருள்தான். நல்ல ஆசிரியரின் இடத்தைப் பிடுங்கினால் நஷ்டம், அவருக்குத் துணையாக வந்தால் லாபம்.

அடுத்தது பரமபதம் போன்ற ஓர் ஆட்டம். அமெரிக்காவில் சீக்லர், ரமணி ஆகியோர் 2008-இல் ஏழைக் குடும்பத்து மழலைகளிடம், 1 முதல் 10 வரை எண் போட்ட நேர்க்கட்டப் பலகையில் ஆட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். அவ்வளவிலேயே எண் பற்றிய அறிவு உயர்ந்தது. எண் இல்லாமல் வண்ணம் மட்டும் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு உயரவில்லை. 2014-இல் லாஸ்கி என்பவரும் சீக்லரும் நூறு கட்டப் பலகையில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 37-இல் நிற்கும் பிள்ளைக்கு நான்கு விழுந்தால், "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணி நகர்த்தியவர்களுக்குப் பயன் குறைவு. "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று" என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்களுக்குப் பயன் அதிகம். பலகை ஒன்று, தாயம் ஒன்று. வாய் சொன்னதுதான் வேறு.

இப்போது கைப்பேசிப் பரமபதத்தைத் திறந்து பாருங்கள். தாயம் உருளும், காய் தானாகத் துள்ளிப் போய் நிற்கும். எண்ணியது யார்? பெட்டி! பிள்ளை வேடிக்கை பார்த்தது.

கடைசியாக ஒன்று. டெல்லியில் 214 பாலர் பள்ளிகளில் 1,540 பிள்ளைகளிடம் கணக்கு விளையாட்டுகளைச் சோதித்த ஆய்வு 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. திரையில்லாத ஆட்டங்கள்தான். கண்ணால் பார்த்து எது அதிகம் என்று சொல்லும் திறமை வளர்ந்தது, ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கணக்குக்கு அது உதவவில்லை. ஆட்டத்திலிருந்து தாளுக்குப் பாலம் போடாவிட்டால், ஆட்டம் ஆட்டமாகவே நின்றுவிடுகிறது. எங்கள் லைன் பெரியவரும் அவர் கணக்குச் சீட்டும்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் பதில் இதுதான். விளையாட்டு கணக்கைக் கற்றுத் தரும். எண்ணுகிற வேலை பிள்ளையிடம் இருந்தால், அதைக் கேட்க ஒரு காது பக்கத்தில் இருந்தால், ஆடியதைத் தாளில் எழுதினால். மூன்றில் எது இல்லாவிட்டாலும் பயன் குறையும். பலகை மரமா, மண்ணா, கண்ணாடித் திரையா என்பது அடுத்த விஷயம்.

ஆகவே பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். கைப்பேசியில் கணக்கு விளையாட்டு இறக்குமுன் நீங்களே பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களை அழுத்தினாலும் ஜெயிக்க முடிந்தால் அதை விட்டுவிடுங்கள். தவறினால் ஏன் தவறியது என்று ஆட்டமே காட்டுகிறதா என்று பாருங்கள். பிள்ளையின் நிலைக்கு ஏற்பக் கடினமாகிறதா என்றும் பாருங்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்தப் பெட்டியும் உங்களைப்போல் கேட்காது. பதிலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பள்ளியில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ எண்ணட்டும், வீட்டில் தமிழில் எண்ணட்டும். தொண்ணூறில் தடுக்கி விழட்டும். விழுந்த இடத்தில் நீங்கள் இருந்தால் போதும்.

என் பேத்தி மூன்றாம் வகுப்பு. அவளுக்கும் கைப்பேசியில் பல்லாங்குழி உண்டு. கொட்டைகள் ஒரு நொடியில் பறந்து குழிகளில் விழுந்துவிடும். சென்ற கோடையில் அவளைத் தங்கவயலுக்கு ரயிலில் கூட்டிப் போனேன். காலையில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்கு வரும் அதே பாதையில், நாங்கள் எதிர்த்திசையில் போனோம். சயனைடு மண்மேடுகளைக் காட்டினேன். நாங்கள் இருந்த லைன் வீட்டு வாசலில் இப்போது வேறு குடும்பம். அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தரையில் 14 குழி கீறினோம். கொட்டை அவரே கொடுத்தார்.

"முதலில் எடுப்பவருக்கு எத்தனை கிடைக்கும், சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"தெரியல தாத்தா."

"போட்டுப் பாத்துக்கினே வா."

வேகமாகப் போட ஆரம்பித்தாள், வாய் திறக்காமல். அவள் கையை மெல்லத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொட்டைகளைத் திரும்ப எடுத்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். முடிவில் ஆறாம் குழியை அள்ளி உள்ளங்கையில் எண்ணினாள். பிறகு என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் 5 + 1 + 1 என்று எழுதினாள். பக்கத்தில் 7.

அந்த டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது.